புள்ளி சார் தட்டு எடுக்கப் போனார்

புள்ளி சாருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்காக: எந்தத் தராசையும் நம்பாமல் இருப்பதற்கு. எடை அளவுத் துறையில் ஆய்வாளர், இருபத்தெட்டு வருட சர்வீஸ். காய்கறிக் கடை, கறிக்கடை, நகைக்கடை, பழைய பேப்பர் கடை என்று எங்கே தராசு இருக்கிறதோ அங்கே போய் நிற்பார். யாராவது "ஒரு கிலோ" என்றால் போதும், "ஒரு கிலோவா, இல்லை ஒரு கிலோ புள்ளி சைபர் சைபர் சைபரா?" என்று கேட்பார். அப்படி வந்த பெயர்தான் புள்ளி. ஆபீசில் மேலதிகாரிக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய், ஒருமுறை லீவு லெட்டரைத் தூக்கிப் பார்த்து, "இது யாருய்யா புது ஆளு?" என்று கேட்டிருக்கிறார்.

வேலை புத்தி வேலையோடு நின்றால் யாருக்கும் தொல்லையில்லை. இவர் அதை வீட்டுக்கும் கட்டி எடுத்துக்கொண்டு வருவார். மனைவிக்கு உடம்பு சுட்டால் மூன்று தெர்மாமீட்டர் எடுத்து வருவார். மூன்றையும் வைத்துப் பார்த்து, கூட்டி, மூன்றால் வகுத்து, தாளில் எழுதி, "நூறு புள்ளி மூணு மூணு" என்று சொல்லிவிட்டு மாத்திரை எடுக்கப் போவார். மாத்திரை நேரத்துக்கு வரும், வெந்நீர் நேரத்துக்கு வரும், அதிலெல்லாம் குறை சொல்ல வழியில்லை.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். துணிக்கடைக்குப் போனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைக் கொஞ்சம் தேய்ப்பாள், அவ்வளவுதான். "இது ரெண்டாவது துவையல்ல சுருங்கிடும்" என்பாள். சுருங்கும். இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டினார்கள் என்று கேட்காதீர்கள். கொட்டினார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். அவர்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய பூங்கா. அதில் ஒன்பது இடத்தில் இரும்புக் கம்பம் நட்டு, மேலே சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அடியில் கூடை மாட்டியிருக்கிறார்கள். தூரத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த எறியில் ஒன்பது கூடையையும் முடித்தவர் ஜெயித்தவர். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். தூரத்துக்கு ஒரு தட்டு, நடுத்தூரத்துக்கு ஒரு தட்டு, கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாகப் போடுவதற்கு ஒரு தட்டு. இந்தக் கடைசித் தட்டுதான் புட்டர். மற்றதெல்லாம் கையின் வேகம், புட்டர் மட்டும் கையின் மனசு என்பார்கள் ஆட்டக்காரர்கள். கொஞ்சம் ஓவராகத்தான் பேசுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஜோடி ஆட்டம் நடக்கும். அதற்கு ஒரு விசித்திரமான விதி உண்டு: ஜோடிக்கு ஒரே ஒரு புட்டர். எப்போதோ ஒரு ஜோடி ஆளுக்குப் பதினாறு புட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து, எதைப் போடுவது என்று ஒவ்வொரு கூடையிலும் சண்டை போட்டு, பொழுது சாய்ந்தும் ஆட்டம் முடியாமல் போனதால் வந்த விதி. ஒரே தட்டு இரண்டு கைக்கும் பொருந்த வேண்டும்.

பதினொரு வருடமாக மனைவியின் ஜோடி அவளுடைய அக்கா. பதினொரு வருடமாக நம் புள்ளி சார் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல். யாரும் பார்க்காதபோது எழுந்துபோய், மனைவியின் கால் தடத்திலிருந்து கூடை எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துவிட்டு வருவார். தனியாக, செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில், பழைய தட்டை எறிந்தும் பார்த்திருக்கிறார். இது மனைவிக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அக்கா ஆட முடியாது. சரி, புட்டரையாவது கொடு என்றால், "நான் இல்லாம அது ஆடாது" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மனைவி மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அத்தான் என்கூட ஆட வர்றேன்னு சொல்றாரு. அவர்கிட்ட புட்டரும் இருக்கு."

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது புள்ளி சாரின் சகலை. விமான நிலையத்தில் பெட்டி எடை போடும் கவுண்டரில் வேலை. அங்கே மெஷின் இருக்கிறது. ஆனால் சகலை பெட்டியைக் கையால் லேசாகத் தூக்கி, "இருபத்திமூணு நானூறு" என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினில் வைப்பார். மெஷினும் அதையே காட்டும். இதைவிடப் பெரிய அவமானம் எடை அளவுத் துறைக்கு இல்லை என்பது புள்ளி சாரின் கட்சி. வீட்டில் வைத்து ரகசியமாகப் பதினான்கு முறை சோதித்திருக்கிறார். சகலை பதினான்கு முறையும் சரி. அதற்குப் பிறகு ஒரு வாரம் புள்ளி சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அத்தான் நல்லாத்தான் ஆடுவாரு" என்றார் புள்ளி சார், வாயில் கசப்போடு.

"ஆனா நான் உங்ககூட ஆடலாம்னு பாக்குறேன்."

புள்ளி சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை முகத்தில் காட்டத் தெரியாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நாப்பது கோட்டு குடுக்கணும், என்னால நகர முடியாது. புட்டர நீங்கதான் எடுத்துட்டு வரணும். ஆறு மணிக்குள்ள பார்க்குக்கு போன் பண்ணி பேரு குடுக்கணும். அதுக்குள்ள தட்டோட வந்தீங்கன்னா உங்க பேரு. இல்லன்னா அத்தான் பேரு. இன்னொண்ணு, கையில புடிச்சுப் பாத்து எடுங்க. மெஷின்ல வச்சுப் பாக்கக் கூடாது."

"வச்சா என்ன?"

"என்னவா? எனக்கு எத்தனை தடவை ஜுரம் வந்திருக்கு? ஒரு தடவையாவது நெத்தியில கை வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"கை தப்பா காட்டும்மா."

"காட்டட்டுமே!" என்றாள் மனைவி. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. புள்ளி சார் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பையில் வழக்கம்போல ஆபீஸ் சாமான்: கையடக்கத் தராசு, படிவக் கட்டு, ஈய முத்திரை, முத்திரைக் குறடு, சணல், நாலு சாக்கு, மூன்று தெர்மாமீட்டர்.

தட்டுக் கடை, துணி வெளுக்கும் கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவில் இருந்தது. அகலம் இரண்டு கை விரித்தால் முடிந்துவிடும், நீளம் மட்டும் ரயில் பெட்டி. சுவர் முழுக்க ஆணியடித்துத் தட்டுகள். கோடியில் ஒரு கூடை. தரையில் விரித்த கம்பளம் ஒரே ஓரிடத்தில் தேய்ந்து நூல் தெரிந்தது, எல்லோரும் நின்று எறிந்து பார்க்கும் இடம். கடைக்காரம்மா உயரமானவர், குரல் மட்டும் தரையோடு தரையாக இருக்கும்.

"புட்டர் வேணும்" என்றார் புள்ளி சார்.

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

கடைக்காரம்மா மூன்று தட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இது சாதா பிளாஸ்டிக். தொட்டா மாவு மாதிரி இருக்கும், கையில நல்லா நிக்கும், ஆனா மரத்துல அடிபட்டா சீக்கிரம் நசுங்கும். இது கெட்டி ரகம், வழவழன்னு இருக்கும், பத்து வருஷம் உழைக்கும், ஆனா வேர்த்த கையோட ஆகாது. இது பிசுக்கு ரகம். சங்கிலியில பட்டா அப்படியே ஒட்டிக்கிட்டு கீழ விழும். விளிம்புக்கு அடியில விரல விட்டுப் பாருங்க. சிலதுல ஒரு சின்ன மேடு ஓடும், சிலதுல ஓடாது. உங்க விரலுக்கு எது பிடிக்குதோ அதான்."

"எது நல்லது?"

"காலையில ஆடுவீங்களா, சாயந்திரமா?"

"காலையில."

"அப்ப இது. இது காலையில சொன்ன பேச்சு கேக்கும். மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் பிடிவாதம்."

புள்ளி சார் திருதிருவென்று விழித்தார். பிடிவாதத்துக்கு அலகு என்ன என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார். மனைவி சொன்னபடி கையில் பிடித்துப் பார்த்தார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. கண்ணை மூடினார். கைகள் இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மாற்றினார். அப்போதும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் முப்பது தட்டு பிடித்திருப்பார். பிறவியிலிருந்து இந்தக் கைகளை யாரும் எதுவும் கேட்டதில்லை, இன்றைக்குத் திடீரென்று கேட்டால் அவை என்ன செய்யும்? மனைவி சகலையோடு சிரித்துக்கொண்டே பூங்காவில் நடப்பதும், தாம் பெஞ்சில் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பதும் கண் முன்னால் வந்தது. பயந்துபோனார்.

ஒரே ஒரு தடவை பார்ப்போம், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று தராசை எடுத்தார். தட்டின் அடியில் மை பேனாவால் 175 கிராம் என்று எழுதியிருந்தது. தராசு 173.612 காட்டியது.

புள்ளி சாரின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

அடுத்த தட்டு. எழுதியிருப்பது 174, இருப்பது 174.907. அடுத்தது 172, தராசில் 170.255. அடுத்தது 175, தராசில் 168.4! அரை மணியாகத் தொங்கிப்போயிருந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. புட்டர், ஜோடி, ஆறு மணி எல்லாம் பறந்துவிட்டது. இருபத்தெட்டு வருட சர்வீஸ் எழுந்து நின்றது.

"அம்மா, நான் எடை அளவுத் துறை ஆய்வாளர். உங்க சரக்குல எழுதின எடையும் இருக்கிற எடையும் ஒண்ணா இல்ல. மொத்த புட்டரையும் பறிமுதல் செய்யறேன்."

கடைக்காரம்மா மேசையில் கிடந்த தட்டுகளை அடுக்கினார். "அப்ப உங்களுக்கு எது வேணும்னு இன்னும் முடிவு பண்ணலையா?"

"பறிமுதல் ஆன பொருள விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது" என்றார் புள்ளி சார் மிடுக்காக. சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது. ஆனால் படிவத்தில் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடும் பேனாவை நிறுத்தும் பழக்கம் அவருடைய துறையில் யாருக்கும் இல்லை.

துணி வெளுப்பவரும் சாவிக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு புட்டர். நாலு சாக்கு, சாக்குக்கு ஐம்பத்துமூன்று. சணலால் கட்டி, ஈயம் வைத்து, குறடால் நசுக்கி முத்திரை போட்டார். கடைக்காரம்மா சாக்கைப் பிடித்து உதவினார், நல்ல மனுஷி. டாக்ஸியில் ஆபீசுக்குப் போனால் சரக்கறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சரக்கறை இல்லாவிட்டால் பறிமுதல் செய்த அதிகாரியே பொருளைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. புள்ளி சார் விதியையும் நாலு சாக்கையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி கோட்டுகளுக்குக் கழுத்துப் பட்டையில் அளவுச் சீட்டு தைத்துக்கொண்டிருந்தாள். சாக்குகளைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"புட்டர்."

"ஒண்ணு போதுமே."

"தொடாத! பறிமுதல் சரக்கு. அதிகாரி தவிர யாரும் தொடக் கூடாது. குடும்பத்தாரும் அடக்கம்."

மனைவி எழுந்தாள். மணி மூன்றரை. அவர் முழுக் கதையையும் சொன்னார். 173.612 என்ற இடத்தில் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அது நல்ல அறிகுறி இல்லை என்பது இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவருக்கே தெரியும்.

"தட்டு எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புனேன். ஊருல ஒருத்தருக்கும் தட்டு இல்லாம பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தம்மா தட்டை எடை போட்டா விக்கிறாங்க?"

"புரியல."

அவள் கையிலிருந்த கோட்டைத் திருப்பிக் கழுத்துப் பட்டையைக் காட்டினாள். "இதுல சைஸ் நாப்பதுன்னு தச்சிருக்கேன். நாப்பதுங்கறது போட்டுக்கறவங்களுக்கு ஒரு அடையாளம். கோட்டு விலை கோட்டுக்குத்தான், இஞ்சுக்கு இவ்வளவுன்னு நான் வாங்கல. அர இஞ்சு கூடக் குறைய இருந்தா என் மெஷின வந்து தூக்கிட்டுப் போவீங்களா?"

புள்ளி சார் கோட்டை வாங்கிப் பார்த்தார். அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். எடை போட்டு விற்கும் பொருளுக்குத்தான் அந்தப் பிரிவு. எண்ணி விற்கும் பொருளுக்கு இல்லை. தட்டு எண்ணி விற்பது. முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவரே வகுப்பெடுக்கும் பக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தப்புப் பறிமுதல் கிடையாது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவமானம் ஒரு பக்கம். அதைவிட, மனைவி ஒரே ஒரு வேலை சொன்னாள், பதினொரு வருடத்தில் முதல் தடவையாகத் தம்மைக் கூப்பிட்டாள், அதையும் இப்படிச் செய்து வைத்தோமே என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சகலை உள்ளே வந்தார். தலையில் ஆட்டத் தொப்பி, கையில் சொந்தப் புட்டர். "என்ன சகலை, மூட்டை முடிச்செல்லாம் பலமா இருக்கு?" என்று ஒரு சாக்கை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஒம்பது கிலோ இருநூறு."

புள்ளி சார் அந்த நிலையிலும் எழுந்து, வீட்டிலிருந்த கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். 9.204. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், உங்க காரு வெளிய நிக்குதா?" என்று மனைவி கேட்டாள். நாற்பது கோட்டில் பதினேழு பாக்கி. அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கடைக்குப் போய்ச் சேர ஐந்து மணி. புள்ளி சார் விடுவிப்பு உத்தரவை எழுதி, மன்னிப்புக் கடிதமும் எழுதி, இரண்டையும் நீட்டினார். கடைக்காரம்மா கடிதத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் எதுக்கு? கடைய கூட்டிப் பெருக்க ஒரு மத்தியானம் கிடைச்சுது."

ஆனால் விதி விதிதான். எடுத்த எண்ணிக்கையும் திருப்பிக் கொடுக்கும் எண்ணிக்கையும் சரிபார்த்தே ஆக வேண்டும், ஒவ்வொன்றாக, அதிகாரியின் கை வழியாக. முத்திரையை வெட்டினார்கள். மனைவி சாக்கிலிருந்து எடுத்து அவரிடம் கொடுக்க, அவர் வாங்கி, எண்ணைச் சொல்லி, கடைக்காரம்மாவிடம் கொடுக்க, கடைக்காரம்மா ஆணியில் மாட்டினார். சகலை சும்மா இருந்தாரா? கம்பளத்தில் நின்றுகொண்டு, "நூத்தி எழுபத்திமூணு... நூத்தி எழுபது... இது கொஞ்சம் குண்டு, நூத்தி எழுபத்தாறு" என்று தொடாமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஐம்பதில் கை வலித்தது. எண்பதில் மரத்துப்போனது. நூறைத் தாண்டியதும் புள்ளி சார் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார். 175 கண்ணில் படவில்லை. மாவு, வழவழ, பிசுக்கு என்று கையில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. மணி ஐந்து நாற்பது ஆனதோ, சகலை என்ன சொல்லிக்கொண்டிருந்தாரோ, எதுவும் மண்டையில் ஏறவில்லை. வாய் மட்டும் எண்ணியது.

"நூத்தி நாப்பத்தாறு... நூத்தி நாப்பத்தேழு..."

கடைக்காரம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார். தட்டு வரவில்லை.

"சார்?"

புள்ளி சார் கையைப் பார்த்தார். அது தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடு என்று சொல்லிப் பார்த்தார். விடவில்லை. மங்கலான பச்சைத் தட்டு, ஓரத்தில் ஒரு கீறல், சாதா பிளாஸ்டிக். விரல் விளிம்புக்கு அடியில் போய், அங்கே இருந்த மேட்டில் படுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. ஏன் என்று கேட்டால் அவரால் ஒரு வரி எழுதிக் கொடுக்க முடியாது.

"இது..." என்றார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் அத குடுக்கும்போது கொஞ்சம் யோசிச்சேன்" என்றாள் மெதுவாக.

"அது எவ்வளவுன்னா..." என்று சகலை ஆரம்பித்தார்.

"சகலை!" என்று புள்ளி சார் போட்ட சத்தத்தில் சாவிக்காரரே எட்டிப் பார்த்தார். "சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

சகலை வாயைப் பொத்திக்கொண்டார். மீதி அறுபத்தைந்தையும் எண்ணி முடித்து, பச்சைத் தட்டுக்குக் காசு கொடுத்து, ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மனைவி பூங்காவுக்குப் போன் போட்டாள். பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம், "அது யாரு?" என்று கேட்டிருப்பார்கள் போல. "என் வீட்டுக்காரர்தான். பாட்டில் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரே, அவரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேகம் போட்டிருந்தது. பதினொரு ஜோடிகள். அக்கா மடக்கு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு வந்திருந்தாள், பக்கத்தில் சகலை பாட்டில் பிடித்துக்கொண்டு. அப்பட்டமாகச் சொன்னால் நம் ஜோடி ஒன்றும் கிழிக்கவில்லை. புள்ளி சார் எறிந்த தூரத்துத் தட்டு ஒன்று குளத்துக்குள் போயிற்று, இன்னொன்று ஒரு நாயைத் துரத்திக்கொண்டு போயிற்று. ஆனால் கூடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பச்சைத் தட்டு சொன்ன பேச்சு கேட்டது. அவள் போட்டாலும் கேட்டது, அவர் போட்டாலும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் சங்கிலி சலசலவென்று சிரித்தது, புள்ளி சாரும் சிரித்தார். ஐந்தாவது கூடைக்குப் பிறகு அவர் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

எட்டாவது கூடை முடிந்தபோது தூறல் ஆரம்பித்தது. மனைவி நடையைத் தளர்த்தினாள். நேற்று இரவு மீதிப் பதினேழு கோட்டையும் உட்கார்ந்து முடித்திருந்தாள். மரத்தடியில் நின்றாள். "என்னமோ மாதிரி இருக்குங்க. குளிருது."

புள்ளி சாரின் கை பழக்கத்தில் பைக்குள் போயிற்று. மூன்று தெர்மாமீட்டரும் விரலில் தட்டுப்பட்டன. மனைவி அதைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்பதாவது கூடையைப் பார்த்தாள்.

கை வெறுமனே வெளியே வந்தது. மழை ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவர் அதை அவளுடைய நெற்றியில் வைத்தார். வைத்து, அப்படியே நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுடுது" என்றார்.

"எவ்வளவு?"

அவர் யோசித்தார். அந்தக் கைக்கு இப்போது சொல்லத் தெரிந்திருந்தது. "வீட்டுக்குப் போற அளவுக்கு."

"இன்னும் ஒரு கூடை இருக்கே."

"இருக்கட்டும். அடுத்த வருஷம் போடலாம்."

அவள் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாள். "அடுத்த வருஷமும் நீங்கதானா?"

"தட்டு நம்மகிட்டதானே இருக்கு."

தூரத்தில், குடைக்கு அடியிலிருந்து சகலை எழுந்து நின்று கையைக் குவித்துக் கத்தினார்: "நூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு!"

அக்கா ஊன்றுகோலால் அவருடைய காலில் ஒன்று போட்டாள்.

"உங்கள யாரு கேட்டா சகலை?" என்று புள்ளி சார் திருப்பிக் கத்தினார். நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பச்சைத் தட்டை அவள் தலைக்கு மேல் மழைக்குப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் பூங்கா வாசலைப் பார்த்து நடந்தார்கள்.